இரண்டாம் சரணத்து விரல்

பாளையங்கோட்டை
3 ஜூன் 2025

குமரகுருபரனுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கினால் இதற்கு மேல் படிக்க மாட்டாய். நேராகவே சொல்லிவிடுகிறேன், நான் நலமில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தக் காலத்தில் என்னை அஞ்சல் நிலையத்துக்கு நடக்க வைத்தவன் நீதான். போனில் என்னை பிளாக் செய்து வைத்திருக்கிறாய். என் வீட்டுக்காரர் பெனோவின் போனிலிருந்து கூப்பிட்டால் எடுப்பாய், என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். அதற்கும் கொஞ்சம் படித்துப் பார்த்த பிறகுதான் மனசு வரும்.

என் வலது கைச் சுட்டுவிரல் மடங்கினால் நிமிர மாட்டேன் என்கிறது. இடது கையால் பிடித்து இழுத்தால் 'டக்' என்று நிமிரும். கரும்பலகையில் கணக்குப் போடும்போது சாக்பீஸோடு பூட்டிக்கொள்கிறது, வகுப்பே சிரிக்கிறது. சிரிக்கட்டும், எனக்குப் பள்ளிக்கூடம் பெரிய கவலையில்லை. சபையில் நான் வாசிக்கும் பேஸ் கிடார்தான் கவலை. இந்த வருஷம் முழுக்க அந்த விரலால் கம்பியை இழுக்கவே கூடாது என்று பிசியோதெரபிஸ்ட் ஷம்ஸியா சொல்லிவிட்டாள். நடுவிரலையும் மோதிரவிரலையும் வைத்து முயன்றேன். பாட்டு நொண்டுகிறது.

எங்கள் சபைப் பாடகர் குழுச் செயலாளர் எபனேசர் சாரை உனக்குத் தெரியும். ரொம்ப அன்பாகத்தான் சொன்னார். "எம்மா, வெரலு சரியாகலேன்னா மனசு சங்கடப்படாத. பேஸ கீபோர்டுல எடது கையில போட்டுக்கிடலாம்." கீபோர்டு வாசிப்பது பெனோ. என் இடத்தைப் பிடிக்கப் போவது என் வீட்டிலேயே இருக்கும் ஒரு இடது கை. சாப்பிடும்போது அந்தக் கை மேசைமேல் தானாகத் தாளம் போடுகிறது, நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். செப்டம்பரில் அசனப் பண்டிகை. ஆராதனை முடிந்து ஊருக்கே சோறு போடுகிற அந்த நாளில் நான் விரலால் வாசித்தால் இடம் எனக்கு. இல்லையென்றால் பேஸ் என்ற ஒன்று எங்கள் குழுவில் அதோடு கிடையாது.

விரலுக்குப் பதில் பிக், அந்தச் சின்ன பிளாஸ்டிக் வில்லை, அதை வைத்து வாசிக்கிறேனே என்று கேட்டுப் பார்த்தேன். "அந்தக் கச்சேரிச் சத்தம்லாம் ஆராதனைக்கு ஆகாதும்மா. நீதான அப்பிடிச் சொல்லுவ?" என்றார். ஆமாம். அவருக்கு வருஷக்கணக்காக அதைச் சொல்லிச் சொல்லி நம்ப வைத்தவள் நான்தான்.

ஆகவே எனக்கு ஒரு வழி சொல். பிக்கால் வாசிக்க வேண்டும், விரலால் வாசிப்பதுபோல் கேட்க வேண்டும், பாடகர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் என் கையை யாரும் பார்க்காதவரை யாருக்கும் தெரியக் கூடாது. நடக்காத காரியம் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் கேட்கிறேன். நான் கேட்ட பிக் வாசிப்பில் காது கூசாதது உன்னுடையது ஒன்றுதான்.

ஒரு கல்யாண வரவேற்பில் நீ வாசித்துக்கொண்டிருந்தபோது அத்தனை பேர் முன்னால் "கிடார் வாசிக்கியா, தேங்கா துருவுதியா?" என்று கேட்டேன்தான். அதற்காக ஒரு மனிதன் இரண்டு வருஷமாகவா பேசாமல் இருப்பான்?

டார்லின்


சேரன்மகாதேவி
11 ஜூன் 2025

டார்லின்,

உன் கடிதத்தைத் தபால்காரரிடம் வாங்கியது என் அம்மா. அனுப்புநர் பெயரைப் படித்துவிட்டு அன்று முழுக்க என்னை ஒரு தினுசாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம்தான் கேட்டாள்: "ஏலே, எவளோ ஒருத்தி கவரு மேலயே டார்லிங்னு எழுதியிருக்கா, வெக்கமா இல்லியா?" அது பெயர், காலேஜில் என்னோடு படித்த பெண், பாளையங்கோட்டைப் பக்கம் இப்படியெல்லாம் பெயர் வைப்பார்கள், கல்யாணமும் ஆகிவிட்டது என்று விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அடுத்த முறை முழுப்பெயரும் எழுது.

நான் பேசாமல் இருப்பதற்குத் தேங்காய் காரணமில்லை. தேங்காய் விஷயத்துக்கு அன்றைக்கே நானும் சிரித்துவிட்டேன். வேறு காரணம். அதைச் சொல்வதாக இல்லை.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறேன். கேட்டது நீ என்பதற்காக அல்ல, கேள்வி நல்ல கேள்வி என்பதற்காக.

முதலில், பிக் என்றால் சுரண்டும் சத்தம் என்பதை மறந்துவிடு. சுரண்டுவது பிக் அல்ல, அதைப் பிடித்திருக்கும் பயம். பயந்தவன் இறுக்கிப் பிடிப்பான், இறுக்கிப் பிடித்தால் 'டொக்' என்றுதான் கேட்கும். கொஞ்சம் கனமான பிக் வாங்கு. கூர் முனையால் அடிக்காதே. பிக்கைச் சற்றுத் திருப்பி, தோள் போல் வளைந்திருக்கும் பக்கத்தால் கம்பியைத் தொடு. சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கை ஓரத்தில் இருக்கும் சதை, கம்பிகள் வந்து முடியும் பிரிட்ஜ் பக்கத்தில் அவற்றின்மேல் லேசாகப் படிந்திருக்க வேண்டும். அதை அழுத்தினால் சுரம் செத்துவிடும், எடுத்துவிட்டால் இரைச்சல். நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அதை எழுத்தில் சொல்ல முடியாது, தேடித்தான் பிடிக்க வேண்டும். அடி எல்லாம் கீழ்நோக்கியே இருக்கட்டும். அசைய வேண்டியது மணிக்கட்டு, முழங்கை அல்ல.

இன்னொன்று. மடங்கினால் நிமிராத விரல் என்று எழுதியிருந்தாய். பிக்கைப் பிடிக்கச் சுட்டுவிரல் எப்படி இருக்க வேண்டும் என்று எண்ணிப் பார். மடங்கித்தான் இருக்க வேண்டும். அதன் பக்கவாட்டில் பிக்கை வைத்துக் கட்டைவிரலால் மூடினால் போதும், அந்த விரல் வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். ஷம்ஸியாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

விரல் வாசிப்பின் அருமை எனக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதே. காலேஜ் ஆராதனையில் நீ பாமாலைப் பாட்டுகளுக்கு வாசிப்பாயே, அப்போது நான் தூண் பக்கத்தில் நின்று கேட்பது நீ சுரத்தைத் தொடங்குவதை அல்ல, நிறுத்துவதை. ஒவ்வொரு சுரத்தையும் பைய இறக்கி வைப்பாய். என் பிக்கால் அது முடியாது. இன்றுவரை முடியவில்லை.

போனில் பிளாக்கை எடுக்க மாட்டேன். எடுத்தால் நான் இவ்வளவு எழுதியதற்கு நீ ஒரு கட்டைவிரல் படம் அனுப்பி முடித்துவிடுவாய்.

குமரன்


பாளையங்கோட்டை
22 ஜூன் 2025

குமரா,

கவர்மேல் 'திருமதி டார்லின் பெனோ, எம்.எஸ்ஸி., பி.எட்.' என்று எழுதியிருக்கிறேன். அம்மாவிடம் காட்டு.

மடங்கின விரல் விஷயத்தைப் படித்துவிட்டு எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். நான், ஷம்ஸியா, எக்ஸ்ரே எடுத்தவர், ஜெபம் பண்ணியவர்கள் என்று இத்தனை பேர் அந்த விரலைப் பார்த்தோம். எல்லோரும் அது நிமிரவில்லை என்றுதான் பார்த்தோம். அது ஏற்கெனவே பிக் பிடிக்கிற மாதிரிதான் நிற்கிறது என்று பார்த்தவன் நீ ஒருவன். அதுவும் பார்க்காமலேயே. ஷம்ஸியாவிடம் சொன்னேன். "அழுத்தாமப் பிடிச்சா தாராளமா வாசிங்கக்கா" என்று சொல்லிவிட்டு, யார் கண்டுபிடித்தது என்று கேட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. உன்னைப் பற்றி எனக்கெதற்குப் பெருமை என்று பிறகுதான் யோசித்தேன்.

மற்றபடி நிலைமை மோசம். முதல் நாள் பெனோ உள்ளறையிலிருந்து, "வீட்டுக்குள்ள யாரு ஆணி அடிக்கா?" என்று கேட்டார். இரண்டு தடவை பிக் கைநழுவிக் கட்டிலுக்கடியில் போனது. அந்த 'நடுவில் ஓர் இடம்' நேற்றுத்தான் ஒரு நொடி கிடைத்தது. கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன், உடனே போய்விட்டது.

இப்போது பெரிய சிக்கல். அசனப் பண்டிகைக்கு எபனேசர் சார் தேர்ந்தெடுத்திருப்பது அந்தக் கன்வென்ஷன் பாட்டு. நற்செய்திக் கூட்டங்களுக்காக வண்ணார்பேட்டை ஸ்டூடியோவில் பதிவானதே, அது. இரண்டாம் சரணத்து பேஸைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று உனக்குத் தெரியும். வாசித்தவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வீடியோவில் பாடினவர் பெயர், தபலா, கீபோர்டு எல்லாம் போட்டிருக்கிறார்கள், பேஸுக்கு மட்டும் பெயரில்லை. அந்த மனிதரின் விரல்தான் எனக்குப் பள்ளிக்கூடம். ஒவ்வொரு அடியும் ஒரே கனம், ஒரே அளவு, ஆனாலும் உயிர் இருக்கிறது. அதே சீர் வர வேண்டுமென்று இரண்டு வருஷமாக அந்தச் சரணத்தையே திருப்பித் திருப்பி இழுத்து வாசித்தேன். அதில்தான் விரல் கெட்டது என்று ஷம்ஸியா சொல்கிறாள். கெட்டாலும் வருத்தமில்லை. அப்படி ஒரு வாசிப்புக்காகத்தானே கெட்டது.

அந்தச் சரணத்தை பிக்கால் வாசிக்க முடியாது. இது உனக்கும் எனக்கும் தெரிந்ததுதான். கேட்பவர்களை ஏமாற்றும் அளவுக்காவது பக்கத்தில் போக முடியுமா? அதை மட்டும் சொல்.

டார்லின்


சேரன்மகாதேவி
9 ஜூலை 2025

டார்லின்,

பதில் தாமதமாகிவிட்டது. நான் வேலை பார்க்கும் கூட்டுறவு சொசைட்டியில் உரம் வந்து இறங்கிய நேரம் என்று காரணம் எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். காரணம் உரம் அல்ல.

அந்தக் கன்வென்ஷன் பாட்டில் பேஸ் வாசித்தது நான்.

பிக்கால் வாசித்தேன்.

அன்று எங்கள் மெல்லிசைக் குழுவின் முப்பிடாதி அண்ணாச்சி, ஸ்டூடியோவுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லியிருந்தார். வாசிக்க வேண்டியவருக்குக் காய்ச்சல். "தம்பி, நீங்க வாசிப்பீயளா?" என்று கேட்டார்கள். வாசித்தேன். பிரிட்ஜ் பக்கம் கம்பிகளுக்கு அடியில் பத்தமடைப் பாயின் ஓரத்துண்டு ஒன்றை மடித்துச் செருகியிருந்தேன். பஞ்சு வைத்தால் சுரம் மூச்சடைத்துப் போகும், கோரை கொஞ்சம் மூச்சு விட விடும். அவ்வளவுதான் அதில் இருந்த ரகசியம். இரண்டாம் சரணத்தில் மூன்றாவது வரிக்கு முன்னால் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். பிக் தவறிப் போய்க் கிடாரின் உடம்பில் பட்டது அது. மறுபடி வாசிக்கிறேன் என்றேன், நேரமில்லை என்றார்கள். வந்துவிட்டேன். பெயர் போடாததைப் பற்றி அப்போது நான் நினைக்கவே இல்லை. கோயில் கொடைத் திருவிழாக்களில் வாசிக்கிறவனுக்கு யார் பெயர் போடுகிறார்கள்?

பிறகு 'நெல்லை பேஸ்' வாட்ஸப் குழுவில் நீ அந்தச் சரணத்தைப் போட்டு ஒன்று எழுதினாய். எனக்கு அது மனப்பாடம். "இந்த மனிதர் யாரென்று தெரியவில்லை. ஆனால் விரல் நுனிவரை மனசு ஓடி வருகிறவரால் மட்டும்தான் இப்படி வாசிக்க முடியும். இதைக் கேட்ட பிறகு நான் ஒரு வாரம் கிடாரைத் தொடவில்லை, வெட்கமாக இருந்தது. பிக் பிடிக்கிற அண்ணன்மார் காது கொடுத்துக் கேட்டுக் கற்றுக்கொள்ளவும்." வரிசையாகக் கைதட்டல் படங்கள். நம் பக்கத்து பேஸ் வாசிப்பவர்கள் எல்லோரும் தட்டினார்கள்.

'அது நான்தான்' என்று தட்டச்சு செய்தேன். அழித்தேன். திரும்பச் செய்தேன். சொன்னால் நீ நம்ப மாட்டாய் என்று அழிக்கவில்லை. நம்பிவிட்டால், பிக் என்று தெரிந்ததும் அந்தப் புகழ்ச்சியைத் திரும்ப வாங்கிக்கொள்வாயோ என்று பயந்தேன். என் வாசிப்பைப் பற்றி யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது யாரோ ஒரு விரல்காரருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. என்னிடம் இருப்பதாக நினைத்துக்கொள்ளவாவது விட்டுவிடலாம் என்று உன்னை பிளாக் செய்தேன்.

இப்போது உன் விரலைப் பற்றி எழுதியிருக்கிறாய். பிக்கால் வந்த சீரை விரலால் கொண்டுவர இரண்டு வருஷம் இழுத்திருக்கிறாய். அன்றைக்கே நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் விரல் நன்றாக இருந்திருக்கும். அந்த 'அழித்தேன்' என்னைத் தூங்க விடவில்லை.

முடியுமா என்று கேட்டாய். முடியும். ஏற்கெனவே முடிந்திருக்கிறது.

குமரன்


பாளையங்கோட்டை
14 ஜூலை 2025

ஏலே குமரா,

பொய் என்றுதான் முதலில் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன், வீட்டில் யாருமில்லை. பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சரணம் தொடங்கி இரண்டு வரி போவதற்குள் தெரிந்துவிட்டது. இத்தனை நாள் எனக்குக் காது எங்கே போயிருந்தது? ஒவ்வொரு சுரத்தின் வாசலிலும் பிக் நிற்கிறது. அது கூசவில்லை, குத்தவில்லை, பேசாமல் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

அந்த 'டிக்' சத்தத்தை நான் நகம் என்று நினைத்தேன். மகா கலைஞர், வேண்டுமென்றே நகத்தால் ஒரு தொடுதல் வைக்கிறார் என்று நினைத்து, சுட்டுவிரல் நகத்தை மட்டும் வளர்த்தேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், "மிஸ், எதுக்கு ஒத்த நகம்?" என்று கேட்டார்கள். உன் கைத்தவறை நான் தவமிருந்து கற்றுக்கொண்டிருக்கிறேன். நினைத்தால் சிரிப்பு வருகிறது, கோபமும் வருகிறது. எந்த நேரத்தில் எது வரும் என்று சொல்வதற்கில்லை.

எழுதி அழித்தாயாம்! ஒரு மனுஷி ஊரைக் கூட்டி வைத்து உன்னைப் புகழ்கிறாள், நீ பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறாய். புகழ்ச்சியைத் திரும்ப வாங்கிக்கொள்வேன் என்றா பயந்தாய்? வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு திருத்தம் மட்டும். 'விரல் நுனி' என்ற இடத்தில் 'பிக் நுனி' என்று போட்டுக்கொள். கடைசி வரியை அடித்துவிடு. மற்றதெல்லாம் அப்படியே உனக்குத்தான். இன்னும் கொஞ்சம் கூட்டியே வைத்துக்கொள். ஒரு தடவைகூட ஒத்திகை பார்க்காமல், ஆம்ப்ளிஃபயர் சுமந்து வந்த கையோடு நீ அப்படி வாசித்தாய் என்பது எனக்கு இப்போதுதானே தெரியும்.

விரலுக்கு நீதான் காரணம் என்று அழாதே. அவ்வளவு பெரிய ஆள் இல்லை நீ. என் விரலை நான் கெடுத்துக்கொண்டேன். வலித்தபோது நிறுத்தாமல் போனவள் நான். ஒன்று சொல்லட்டுமா? அந்தச் சரணத்தோடு கிடந்த இரண்டு வருஷமும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

பாய்த்துண்டு அனுப்பு. பெனோவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாட்டை மறுபடி கேட்டார். பிறகு, "என் எடது கையால இது வராது, டார்லின்" என்றார். அன்றிலிருந்து மேசைமேல் தாளம் நின்றுவிட்டது.

செப்டம்பர் 14, ஞாயிறு. நீ வர வேண்டும்.

டார்லின்


சேரன்மகாதேவி
6 ஆகஸ்ட் 2025

டார்லின்,

ஆடி மாதம் முழுக்கக் கொடை. ஊர் ஊராக அலைந்துகொண்டிருக்கிறேன், எழுத நேரமில்லை. பாய்த்துண்டு இத்துடன் இருக்கிறது. உன் கிடாரின் கம்பி உயரத்துக்கு ஏற்றபடி மடித்துக்கொள். இரண்டாம் சரணத்தில் கழுத்துப் பக்கமாகக் கையை நகர்த்தி வாசி, உருண்டை வரும். பல்லவிக்குத் திரும்பும்போது பிரிட்ஜ் பக்கம் வந்துவிடு.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன் என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். அதற்குமேல் எழுத எனக்கு வரவில்லை.

நீ கேட்காமலே நான் ஒன்று செய்து பார்த்தேன். பிக்கை வைத்துவிட்டு விரலால் ஒரு மெதுவான பாட்டை வாசித்துப் பார்த்தேன். நீ இறக்கி வைப்பதுபோல் சுரத்தை இறக்க முயன்றேன். விரல் கொப்பளித்ததுதான் மிச்சம். தொடங்குவது என் வேலை, முடிப்பது உன் வேலை என்று பட்டது. இப்போது உன்னிடம் இரண்டும் இருக்கின்றன. பிக்கால் தொடங்கிவிட்டு, முடிக்கும்போது உள்ளங்கையால் உன் வழக்கப்படி பைய இறக்கிப் பார். நான் செய்யாததை நீ செய்வாய்.

14-ஆம் தேதி எங்களுக்குக் கச்சேரி இருக்கிறது. வர முடியாது. என் பெயரை அங்கே இழுக்காதே. உன் இடம் நிலைத்தால் எனக்குப் போதும்.

குமரன்


பாளையங்கோட்டை
8 செப்டம்பர் 2025

குமரா,

நேற்று ஒத்திகை. பாடகர்களின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டாம் சரணத்தை வாசித்தேன். முடிந்ததும் எபனேசர் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். பிக்கை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டேன். "பாத்தியாம்மா, வெரலு வெரலுதான். கர்த்தர் கைவிடல" என்றார். நான் தலையை ஆட்டினேன். சார் நல்ல மனுஷர். அதனால்தான் தலையை ஆட்டுவது கஷ்டமாக இருந்தது.

நீ சொன்னபடி பைய இறக்கிப் பார்த்தேன். வந்தது குமரா. நீ வாசித்ததுபோல் இல்லை, நான் வாசித்ததுபோலும் இல்லை. யாரோ மூன்றாவது ஆள் வாசித்ததுபோல் இருந்தது. நீ கேட்டிருக்க வேண்டும்.

இன்னொரு வம்பு. வாசிக்கிறேன் என்று அம்மாவிடம் போனில் சொன்னேன், விரல் சுகமாகிவிட்டது என்று அவளே முடிவு செய்துகொண்டாள். 'மகள் டார்லினின் விரல் சுகமானதற்காக, சாலோமி' என்று எழுதி ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்துவிட்டிருக்கிறாள். பாட்டு முடிந்ததும் போதகர் அதைச் சபையில் வாசிப்பார். நான் குனிந்து உட்கார்ந்துகொள்ளப் போகிறேன். பிக் என்று வாயைத் திறந்தால் சபைக் கமிட்டி அன்றைக்கே பேஸுக்குக் கீபோர்டு போதும் என்று எழுதிவிடும். வாசித்த பிறகு எதற்கு வாயைத் திறக்க வேண்டும்?

பெனோவும் இதையேதான் சொல்கிறார். நீயும் இதையே சொல்வாய். எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறீர்கள், எனக்கு மட்டும் ஏன் சாப்பாடு இறங்கவில்லை என்று தெரியவில்லை.

டார்லின்


சேரன்மகாதேவி
14 செப்டம்பர் 2025

டார்லின்,

கச்சேரி இருக்கிறது என்றது பொய். காலையில் பஸ் ஏறிவிட்டேன். எங்கே போகிறேன் என்று கேட்ட அம்மாவிடம், அந்தக் கடிதம் எழுதுகிற பெண் வாசிக்கிறாள் என்றேன். "அந்த எம்.எஸ்ஸி. பொண்ணா? நானும் வாரேன்" என்று கிளம்பிவிட்டாள்.

உள்ளே வரக் கூச்சமாக இருந்தது. அசனத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்களுக்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில் நின்றோம். மரத்தில் கட்டியிருந்த கூம்புக் குழாயில் ஆராதனை கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் குழாயில் பேஸ் வராது என்பது உனக்கும் தெரியும். அடிச்சத்தம் மொத்தமும் அதில் செத்துவிடும். பாட்டு, தபலா, பெனோவின் கீபோர்டு எல்லாம் கேட்டது. இரண்டாம் சரணம் வந்தது. அந்தக் குழாயின் கிறீச்சலுக்குள், மெல்லிசாக, ஒரே அளவில், உன் பிக் கேட்டது. நீ விரலால் வாசித்திருந்தால் எனக்கு ஒன்றுமே கேட்டிருக்காது. அங்கே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள், அதனால் என் கண்ணை யாரும் கவனிக்கவில்லை. ஒவ்வொரு அடியும் எங்கே முடிகிறது என்று கேட்டுக்கொண்டே நின்றேன். அப்படி என்னால் ஒருநாளும் முடிக்க முடியாது. உன்னைப் போல் வாசிக்க இந்தப் பக்கத்தில் ஆள் இல்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். இதை அழிக்க மாட்டேன்.

பிறகு போதகர் காணிக்கைகளை வாசித்தார். உன் அம்மாவின் பெயர் வந்தது, விரல் சுகமானதற்காக என்று வந்தது. அடுத்த பெயருக்குப் போகாமல் நின்றார். மைக்கில் கரகரப்பு. பிறகு உன் குரல்.

"ஐயா, ஒரு சாட்சி சொல்லணும். என் வெரலு சுகமாகல."

காய் நறுக்கும் சத்தம் நின்றது.

"நீங்க இப்பக் கேட்டது பிக்கு. ஆராதனைக்கு ஆகாதுன்னு நானே சொல்லிக்கிட்டுக் கெடந்த அதே பிக்கு. இந்தப் பாட்ட மொதல்ல இப்படி வாசிச்சவரு பேர எங்கயும் போடல. நீங்கள்லாம் ரெண்டு வருசமாக் கேட்டு அழுதது அவரு வாசிச்சதுதான். சேரன்மகாதேவி குமரகுருபரன். எனக்குச் சொல்லிக் குடுத்ததும் அவருதான். என்னை வச்சுக்கிடுறதும் வேண்டாம்னு சொல்லுறதும் சபை இஷ்டம். ஆனா பேரு சொல்லாம எனக்கு அசனச் சோறு எறங்காது."

உள்ளே யாரோ இருமினார்கள். இழுக்காதே என்றேனே, இப்போது உன் இடம் போய்விட்டதே என்று நான் மரத்தைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் எபனேசர் சாரின் தொண்டைக் கனைப்பு கேட்டது. மைக் திறந்திருக்கிறது என்பதை அவர் மறந்திருக்க வேண்டும். "சரி... உக்காரு. அடுத்த கீர்த்தனைக்கும் அத வச்சே வாசி. பெனோ, நீ ஒன் எடது கைய எடு."

காய் நறுக்குகிறவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிக்க வரவில்லை. ஒலிபெருக்கியில் என் முழுப்பெயரைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அம்மா முகம் வெளுத்துப்போய் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "ஏலே, ஒம் பேரையில்லா சொல்லுதாவ. இங்கன வந்து நீ என்னல பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணலம்மா," என்றேன். "வாசிச்சேன்."

குமரகுருபரன்